முகூர்த்தத்தைக் குறிக்கும் விசா

பிரிட்டனில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஜனவரி பொல்லாத மாதம். செப்டம்பரில் ஓராண்டு எம்.எஸ்சி.யில் சேர்ந்தவர்களுக்கு மறு செப்டம்பரில் படிப்பு முடிகிறது. அதன்பின் விசாவில் மிச்சம் இருப்பது நான்கு மாதம். ஜனவரியில் அதுவும் தீர்ந்துவிடும். ஆகவே, டிசம்பர் முழுக்க ஈஸ்ட் ஹாமிலும் வெம்ப்ளியிலும், நாலைந்து பேர் வாடகையைப் பங்கிட்டு இருக்கும் வீடுகளில், சமையலறைப் பேச்சு ஒன்றுதான். படிப்புக்குப் பின் தங்கி வேலை பார்க்கும் பிஎஸ்டபிள்யூ விசா போடுவதா, வேலை விசாவுக்கான ஸ்பான்சர் சான்றான சிஓஎஸ் கொடுக்கிற கம்பெனி எங்காவது அகப்படுமா, மூட்டையைக் கட்டுவதா?

அந்தப் பேச்சில் வாய் திறக்காமல் இருக்கும் பெண் ஒருத்திக்கு நான்காவதாக ஒரு வழி திறந்திருக்கக்கூடும். அவள் நேசிக்கிறவன் அந்த நாட்டுக் குடிமகனாக இருப்பான். அவனை மணந்தால் ஸ்டூடன்ட் விசாவிலிருந்து ஸ்பவுஸ் விசாவுக்கு, ஊருக்கு வராமலேயே மாறிக்கொள்ளலாம். சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனாலும் அவள் அதை வெளியே சொல்லத் தயங்குகிறாள். சொன்னால் என்ன கேட்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்: “விசாவுக்காகக் கட்டிக்கிறா.”

இந்த ஒற்றை வரி அநியாயமானது. இருவர் மனம் ஒப்பி வாழ நினைத்திருக்கிறார்கள். ஊரில் இருந்திருந்தால் தை பிறக்கட்டும், தம்பி படிப்பு முடியட்டும், வீடு கட்டி முடியட்டும் என்று ஒன்றிரண்டு வருடம் தள்ளிப்போட்டிருப்பார்கள். அப்படித் தள்ளிப்போடுவதில் நம் குடும்பங்கள் கைதேர்ந்தவை. விசா தேதிக்கு அந்தப் பொறுமை கிடையாது. அது வந்து நிற்கும்போது, ‘எப்போதாவது’ என்றிருந்த கல்யாணம் ‘அடுத்த மாதம்’ என்றாகிவிடுகிறது. விசா இவர்களின் நாளை முன்னுக்கு இழுத்திருக்கிறது. ஆளைத் தேர்ந்தெடுத்தது அவர்களேதான். இந்த வித்தியாசம் தெரியாமல் பேசுகிறவர்களால் பல பெண்கள் சரியான நேரத்தில் யாரிடமும் யோசனை கேட்காமல், தப்பான ஏஜெண்டிடம் போய் நிற்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம்மவர்கள் ‘ஸ்பவுஸ் விசா’ என்று ஒரே பெயரில் இரண்டு விஷயங்களைச் சொல்கிறார்கள். கணவனோ மனைவியோ பிரிட்டிஷ் குடிமகனாக அல்லது அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை (பேச்சுவழக்கில் ‘பிஆர்’) பெற்றவராக இருந்தால் கிடைப்பது ஒன்று. மற்றது, ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் வேலை பார்ப்பவரின் துணைக்குக் கிடைக்கும் டிபெண்டெண்ட் விசா. முன்னதற்குச் சம்பள வரம்பு, ஐந்து ஆண்டுப் பாதை என்று தனிச் சட்டமே இருக்கிறது. பின்னது வேலைக்காரரின் விசா என்ற கொக்கியில் தொங்குகிறது. அவர் வேலை போனால் இவர் விசாவும் ஆடும். 2024 மார்ச்சிலிருந்து புதிதாக வரும் கேர் வொர்க்கர்களுக்குத் துணையைச் சேர்க்கும் வழியே அடைபட்டுவிட்டது. அதே ஆண்டு ஜனவரியிலிருந்து, சாதாரண மாஸ்டர்ஸ் படிக்க வருகிறவர்களும் மனைவி மக்களை உடன் கூட்டிவர முடியாது. மாப்பிள்ளை ‘லண்டன்ல இருக்கார்’ என்ற ஒற்றைத் தகவலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாத காலம் இது. இருப்பது எந்த விசாவில் என்பதையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.

இந்தக் கட்டுரை முதல் வகையைப் பற்றியது.

எழுத்தும் தாலியும்

கோயம்புத்தூரிலிருந்து படிக்கப் போன பெண், லண்டனில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பையன். இன்று இப்படிப்பட்ட ஜோடிகள் அபூர்வமில்லை. பேச்சுக்கு அப்படியொரு ஜோடியை வைத்துக்கொள்வோம். பையனின் அம்மா சொல்வார்: “முதல் எழுத்தை முடிச்சு விடுங்கோ. தாலி கட்டுறதைப் பிறகு ஆறுதலாப் பாப்பம்.” எழுத்து என்று அவர் சொல்வது பதிவுத் திருமணத்தை. பெண்ணின் அம்மாவுக்கு இது ஜீரணமாகாது. “தாலி கட்டாம வெறும் கையெழுத்து மட்டும் போட்டா நாங்க சொந்தக்காரங்களுக்கு என்னன்னுங்க சொல்றது?”

பிரிட்டிஷ் சட்டம் இதில் யாழ்ப்பாணத்து அம்மாவின் பக்கம். லண்டனில் ஒரு கோயிலில் ஐயர் மந்திரம் சொல்ல, முந்நூறு பேர் அட்சதை தூவ, தாலி ஏறினாலும், அந்த இடம் திருமணத்துக்கென்று முறைப்படி பதிவு பெற்றதாகவும், பதிவு செய்யும் அதிகாரம் உள்ளவர் முன்னிலையில் சடங்கு நடந்ததாகவும் இல்லாவிட்டால், சட்டத்தின் கண்ணில் அது கல்யாணமே அல்ல. ரெஜிஸ்டர் ஆபீஸில் தனியாகப் பதிய வேண்டும். விசாவுக்கு மட்டுமல்ல, பின்னாளில் ஏதேனும் பிசகினால் ஒரு பெண்ணுக்கு மனைவி என்ற உரிமை நிற்பதற்கும் இதுதான் ஆதாரம். பதியாமல் பத்து வருடம் குடித்தனம் நடத்திவிட்டு வெறுங்கையோடு நின்ற பெண்கள் அந்த நாட்டில் இருக்கிறார்கள்.

பதிவுக்குப் போனதும் முகூர்த்தம் பார்த்துவிட முடியாது. முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒருவர் ஸ்டூடன்ட் விசாவில் இருந்தால் இருவரும் சேர்ந்து, அதற்கென்று குறிக்கப்பட்ட அலுவலகத்துக்கே போக வேண்டும். அங்கே அவர்களைத் தனித்தனியாக அழைத்துப் பேசுவார்கள். முழுப்பெயர், பிறந்த தேதி, தொழில், முகவரி. பெரிய விசாரணை ஒன்றுமில்லை. ஆனால் நம் பெயர் முறை அங்கே கொஞ்சம் திணறவைக்கும். தலைப்பெழுத்து பாஸ்போர்ட்டில் விரிந்து அப்பாவின் பெயராக நிற்கும். அதையே குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்வார்கள். மாமனார் பெயரை ஒரு கணம் நினைவுக்குக் கொண்டுவர முடியாமல் விழிக்கும் மாப்பிள்ளைக்கு வியர்த்துவிடும். பொய் சொல்லாதவர்களும் குற்றவாளி போல உட்கார்ந்திருக்கும் அறை அது.

நோட்டீஸ் கொடுத்து 28 நாள் காத்திருக்க வேண்டும். விவரம் ஹோம் ஆபீஸ் எனப்படும் உள்துறைக்குப் போகும். போலிக் கல்யாணமோ என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்தால் 28 என்பதை 70 ஆக நீட்டலாம். 2015 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு இது. ஜனவரியில் விசா முடியும் பெண் டிசம்பர் முதல் வாரத்தில் நோட்டீஸ் கொடுத்து, அது 70 நாளாக நீண்டால் என்ன ஆகும்? விசா முடிந்த பிறகுதான் கல்யாணமே நடக்கும். அதற்குள் அவள் சட்டவிரோதமாகத் தங்கியவள் ஆகிவிடுவாள். கொடுத்த நோட்டீஸ் ஓராண்டுக்குச் செல்லும். எனவே அதைக் கோடையிலேயே கொடுத்து வைப்பதில் நஷ்டமில்லை.

இன்னொரு வழியும் உண்டு. விடுமுறைக்கு ஊருக்கு வந்து, இங்கேயே தாலி கட்டி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, அதே ஸ்டூடன்ட் விசாவில் திரும்பிப் போய் அங்கிருந்து விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் சட்டப்படி நடந்த திருமணத்தை பிரிட்டன் ஏற்கிறது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவது கட்டாயம். ஐயர் இல்லாமல் மாலை மாற்றிச் செய்யும் சுயமரியாதைத் திருமணத்துக்கும் 1967-லேயே இங்கே சட்ட அங்கீகாரம் கிடைத்துவிட்டது. இரு வீட்டாரும் கூடியிருக்க நடக்கும் இந்தக் கல்யாணமே எனக்குப் பிடித்த வழி. சான்றிதழில் பெயரின் எழுத்துகள் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அச்சாகியிருக்கின்றனவா என்று பந்தலைப் பிரிக்கும் முன் பார்த்துவிட்டால் போதும்.

கல்யாணமே ஆகாமலும் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகளாகக் கணவன் மனைவிக்கு ஒப்பான உறவில் இருப்பதைக் காட்டினால் ‘பார்ட்னர்’ என்று விசா தருவார்கள். நம் வீடுகளில் இதைச் சொல்லும் துணிச்சல் எத்தனை பேருக்கு இருக்கும் என்பது வேறு கதை.

29,000 பவுண்டு

2012 ஜூலை 9 அன்று பிரிட்டன் ஒரு விதியைக் கொண்டுவந்தது. வெளிநாட்டுத் துணையோடு வாழ விரும்பும் குடிமகன் ஆண்டுக்கு 18,600 பவுண்டு சம்பாதிக்க வேண்டும். 2024 ஏப்ரல் 11 அன்று அந்த வரம்பு ஒரே தாவலில் 29,000 ஆயிற்று. அடுத்தடுத்து 38,700 வரை கொண்டுபோவதாக இருந்தார்கள். ஆட்சி மாறியதும் அது நிறுத்தி வைக்கப்பட்டது.

29,000 என்பது எவ்வளவு? 2025 ஏப்ரல் நிலவரப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ். வாரம் முப்பத்தேழரை மணி நேரம், ஆண்டு முழுவதும் ஒருநாள்கூட விடாமல் உழைத்தால் சுமார் 23,800 பவுண்டு வரும். அரசே நிர்ணயித்த கூலியில் முழுநேரமும் உழைக்கிறவனுக்கு, அரசே நிர்ணயித்த குடும்ப வரம்பை எட்ட இன்னும் ஐயாயிரத்துக்கு மேல் வேண்டும். கிடங்கில் மூட்டை ஏற்றுகிறவன், முதியோர் இல்லத்தில் பணிவிடை செய்கிறவள், சூப்பர் மார்க்கெட் கல்லாவில் நிற்கிறவள் ஆகியோர் விரும்பிய ஆளோடு சொந்த நாட்டிலேயே வாழ முடியாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. நான் இதை அநீதி என்றே சொல்வேன். 2017 பிப்ரவரியில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் இந்த வரம்பு கடுமையானது, குடும்பங்களுக்குத் துயரம் தருவது என்பதை ஒப்புக்கொண்டும், அடிப்படையில் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. குழந்தைகளின் நலனைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்று மட்டும் அரசைக் கண்டித்தது. 2025 ஜூனில் அரசின் ஆலோசனைக் குழு, வரம்பைக் குறைப்பதற்கு இடம் இருக்கிறது என்று காட்டும் அறிக்கையைக் கொடுத்தது.

இந்த இடத்தில், உள்நாட்டிலிருந்தே மாறுகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஊரிலிருந்து விண்ணப்பிக்கும் பெண்ணின் சம்பளத்தை அவர்கள் சேர்ப்பதில்லை. அவள் சென்னையில் ஐ.டி. கம்பெனியில் லட்சக்கணக்கில் வாங்கினாலும் அது கணக்கில் வராது. பிரிட்டனுக்குள்ளே முறையான அனுமதியோடு வேலை செய்கிறவளாக இருந்தால் அவள் சம்பளமும் அவன் சம்பளமும் கூட்டப்படும். இருவருமாக 29,000-ஐத் தொட்டால் போதும். சம்பளம் போதாதவர்களுக்குச் சேமிப்பு என்ற வழி இருக்கிறது. சம்பளமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்டு ஆறு மாதம் கையிருப்பில் இருக்க வேண்டும். நம் பணத்தில் ஒரு கோடி ரூபாயை ஒட்டி வரும். “நாங்க பாத்துக்கறோம்” என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்கு அங்கே பொதுவாக மதிப்பில்லை. ஆனால் பிள்ளைக்கு அன்பளிப்பாகவே கொடுத்து, அவர்கள் கணக்கில் ஆறு மாதம் கிடந்தால் அது செல்லும்.

ஆறு மாதப் பேஸ்லிப்பையும் ஆறு மாத வங்கிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பேஸ்லிப்பில் பிடித்தம் போக நிற்கும் தொகையும், கணக்கில் விழுந்த தொகையும் காசு சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். நம்மவர் கடைகளில் வேலை செய்யும் பையன்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பாதிச் சம்பளம் வங்கியில், மீதி கையில் என்று முதலாளி கொடுத்திருப்பார். வரி மிச்சம் என்று இருவருமே நினைத்திருப்பார்கள். கையில் வாங்கியது வங்கிக்குள் வராத வரை, ஹோம் ஆபீஸைப் பொறுத்தவரை அந்தச் சம்பளம் இல்லவே இல்லை. பையன் உழைத்திருக்கிறான், வாடகை கட்டியிருக்கிறான், ஊருக்கு அனுப்பியிருக்கிறான். ஆனால் காகிதத்தில் அவன் அரைச் சம்பளக்காரன். கல்யாணம் பேசுவதற்கு ஆறு மாதம் முன்பே முதலாளியிடம் போய், “அண்ணே, முழுச் சம்பளத்தையும் பேங்க்ல போடுங்க” என்று கேட்டாக வேண்டும்.

உறவுக்கான சான்றுகளும் இதே வகையைச் சேர்ந்தவை. கல்யாண ஆல்பத்தை விட, இருவர் பெயரிலும் வரும் கவுன்சில் டாக்ஸ் பில் அவர்களுக்கு உசத்தி. வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், டாக்டர் அனுப்பிய கடிதம் என்று ஒரே முகவரிக்கு வந்தவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும். நம் பிள்ளைகள் பலர், வீட்டுக்காரர் பெயரிலேயே எல்லா பில்லும் வரும் அறைகளில் இருக்கிறார்கள். வங்கிக் கடிதம் ஒன்றாவது தன் பெயருக்கு வரும்படி செய்துகொள்ளாவிட்டால் பின்னால் ஓட்டம்தான்.

இனி கட்டணம். 2025 ஏப்ரல் நிலவரப்படி உள்நாட்டு விண்ணப்பத்துக்கு 1,321 பவுண்டு. என்ஹெச்எஸ் மருத்துவத்துக்கான கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 1,035 வீதம் இரண்டரை ஆண்டுக்கு 2,587 பவுண்டு 50 பென்ஸ். ஆக ஒரு தடவைக்கு நான்கு லட்சம் ரூபாய்க்கு மேல். கிடைக்கும் விசா இரண்டரை ஆண்டுக்குத்தான். முடிந்ததும் இன்னொரு முறை இதே தொகை. ஐந்து ஆண்டு முடிந்து பிஆர் கேட்கும்போது 3,029 பவுண்டு. எல்லாம் சேர்த்தால் பத்தாயிரம் பவுண்டைத் தாண்டுகிறது. வக்கீலுக்குக் கொடுப்பது தனி. ஸ்டூடன்டாக இருந்த வருடங்கள் இந்த ஐந்தில் சேராது.

ஆங்கிலத் தேர்வு நம் பிள்ளைகளுக்குப் பிரச்சினையே அல்ல. பிரிட்டிஷ் பட்டம் கையில் வந்துவிட்டால் அதுவே போதும். வராவிட்டால் பேசுவதற்கும் கேட்பதற்குமான ஆரம்பநிலைத் தேர்வு ஒன்றை எழுதினால் ஆயிற்று.

காத்திருக்கும் காலம்

விண்ணப்பத்தை அனுப்பியாயிற்று, கைரேகை கொடுத்தாயிற்று. பழைய விசா முடிந்துபோனாலும், காலக்கெடுவுக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு முடிவு வரும் வரை பழைய நிபந்தனைகளோடு தங்கும் உரிமை தொடரும். 1971-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் தரும் பாதுகாப்பு அது. படிப்பு நடந்துகொண்டிருந்தால் வாரம் 20 மணி நேர வேலை என்ற கட்டும் தொடரும்.

இந்தக் காலத்தின் கொடுமை வேறு. நாட்டை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால் விண்ணப்பம் தானாகவே ரத்தாகிவிடும். அயர்லாந்து போன்ற ஓரிரு அண்டைப் பகுதிகள் மட்டும் விலக்கு. பாஸ்போர்ட் கையிலேயே இருக்கும். விமான டிக்கெட் போட யாரும் தடுக்கமாட்டார்கள். அதுதான் ஆபத்து. ஊரிலிருந்து “அப்பாவுக்கு முடியலம்மா, ஐசியூல வச்சிருக்காங்க” என்று போன் வந்தால் எந்த மகள் விதிமுறையைப் படித்துக்கொண்டிருப்பாள்? கிளம்பிவிடுவாள். கட்டிய விண்ணப்பக் கட்டணம் போகும். பழைய விசாவும் முடிந்திருந்தால் திரும்பி வரும் வழியும் அடைபடும். பின் இங்கிருந்தே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அப்போது அவள் சம்பளம் கணக்கில் சேராது. மரணத்துக்குக்கூட விலக்கு தராத இந்த விதி மாற வேண்டும். மாறும் வரை, விண்ணப்பம் போடும் வாரத்தை வீட்டில் உள்ள வயதானவர்களின் உடல்நிலையையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பல்கலைக்கழகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. படிப்பின் நடுவிலும் ஸ்பவுஸ் விசாவுக்கு மாறலாம். வேலை விசாவுக்குத்தான் படிப்பு முடிந்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு 2023 ஜூலையில் வந்தது. மாறிய பிறகும் படிப்பைத் தொடரலாம். ஆனால் “கணவர் பிரிட்டிஷ்காரர், இனி ஃபீஸ் குறைந்துவிடும்” என்று நம்பி ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். படிப்பு தொடங்கிய நாளில் எந்தக் கட்டணமோ அதுதான் பொதுவாகத் தொடரும்.

இதைவிட முக்கியமானது, நம் ஏஜெண்டுகள் சொல்லாமல் விடுவது. பிஎஸ்டபிள்யூ என்று பிள்ளைகள் இன்னமும் பழைய பெயரில் அழைக்கும் கிராஜுவேட் விசாவை, ஸ்டூடன்ட் விசாவிலிருந்து நேராகத்தான் எடுக்க முடியும். ஸ்பவுஸ் விசாவுக்கு ஒருமுறை மாறிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். கல்யாணம் முறிந்தாலும் அந்தப் படிப்பை வைத்து மறுபடி அதைக் கேட்க முடியாது. எனவே உறவு இளசாக இருக்கிறது, மனம் முழுதாக முடிவுக்கு வரவில்லை, வீட்டில் இன்னும் பேச வேண்டும் என்றால் முதலில் கிராஜுவேட் விசாவை எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. இரண்டு ஆண்டு மூச்சுவிட இடம் கிடைக்கும். முழுநேரம் வேலை செய்யலாம். அந்தச் சம்பளம் 29,000-இல் சேரும். கல்யாணத்தை எப்போது வைத்துக்கொள்வது என்று இரண்டு பேரும் நிதானமாக முடிவு செய்யலாம். ஐந்து ஆண்டுக் கணக்கு தாமதமாகத் தொடங்கும் என்பது உண்மைதான். அதற்காக அவசரத் தாலி கட்டிக்கொள்ளும் அளவுக்கு அது பெரிய இழப்பில்லை. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்கு இந்த இரண்டு ஆண்டு பதினெட்டு மாதமாகக் குறைகிறது. அவகாசம் அந்த அளவுக்குச் சுருங்கும்.

சந்தேகத்தின் சரித்திரம்

அதிகாரிகள் ஏன் இப்படிக் கூர்ந்து பார்க்கிறார்கள்? போலிக் கல்யாணங்கள் நடப்பது பொய்யில்லை. பணத்துக்குப் பையனைப் பிடித்துத் தருகிறேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அகப்பட்டால் பத்து ஆண்டு வரை அந்த நாட்டுக்குள் நுழைய முடியாமல் போகலாம். ஆனால் இந்தியப் பெண்ணின் கல்யாணத்தைப் பிரிட்டிஷ் அரசு சந்தேகிப்பதற்குப் போலிகளை விடப் பழைய வரலாறு உண்டு.

1979 ஜனவரி 24. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இந்தியாவிலிருந்து ஒரு பெண் வந்திறங்கினார். வயது 35, ஆசிரியை. அங்கே இருக்கும் ஒருவரை மணந்துகொள்ள வந்தவர். மணமாகாத பெண் மணம் செய்துகொள்ள வருவதற்கு அப்போது முன்னனுமதி தேவையில்லை. ஏற்கெனவே மணமானவளுக்குத் தேவை. இவர் மணமாகாதவர்தானா என்று ‘உறுதி செய்ய’ ஒரு மருத்துவரைக் கொண்டு அவருடைய கன்னித்தன்மையைச் சோதித்தார்கள். கார்டியன் பத்திரிகை அடுத்த வாரம் செய்தியை வெளியிட்டதும் நாடே அதிர்ந்தது. சோதனை நிறுத்தப்பட்டது. ஒன்றிரண்டு பேருக்குத்தான் நடந்தது என்பதுபோல அரசு அப்போது பேசியது. 2011-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் பழைய கோப்புகளைத் தோண்டியபோது எண்பதுக்கு மேற்பட்ட பெண்கள் இந்த அவமானத்துக்கு ஆளானது தெரியவந்தது.

அதன்பின் ‘முதன்மை நோக்கம்’ என்றொரு விதி வந்தது. கல்யாணம் உண்மையானது என்று காட்டினால் மட்டும் போதாது. பிரிட்டனுக்கு வருவது அதன் முதன்மை நோக்கம் அல்ல என்றும் நிரூபிக்க வேண்டும். இல்லாததை எப்படி நிரூபிப்பது? எத்தனையோ இந்தியத் துணைகள், குறிப்பாக ஆண்கள், இந்தக் கேள்வியில் வருடக்கணக்கில் பிரிந்து கிடந்தார்கள். 1997 ஜூனில்தான் அது ஒழிந்தது. இதற்கிடையில் 1985-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் மூன்று பெண்கள் வழக்காடி வென்றார்கள். ஆண்கள் மனைவியை எளிதாக அழைத்துக்கொள்ள முடிகிறது, பெண்கள் கணவனை அழைத்துக்கொள்ள முடியவில்லை, இது பாரபட்சம் என்பது வழக்கு. தீர்ப்பு வந்ததும் பிரிட்டிஷ் அரசு செய்ததைக் கேட்டால் நெஞ்சு கொதிக்கும். பெண்களுக்கு இருந்த தடையை நீக்குவதற்குப் பதிலாக, அதே தடையை ஆண்களுக்கும் போட்டுச் சமத்துவம் கொண்டுவந்தது.

2005 முதல் 2011 வரை, சர்ச் ஆஃப் இங்கிலாந்தில் மணந்தால் ஒழிய, வெளிநாட்டவர் கல்யாணம் செய்துகொள்ளவே உள்துறையிடம் அனுமதிச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அந்தச் சர்ச்சில் மணந்தால் நம்பிக்கை, மாரியம்மன் கோயிலில் மணந்தால் சந்தேகம். நீதிமன்றப் படியேறித்தான் அதுவும் போயிற்று. இன்றைக்கு ஒரு கோயம்புத்தூர்ப் பெண் தன் வாட்ஸ்அப் பேச்சுகளின் படங்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பதிவேற்றுகிறாளே, அந்த வேலை இவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறது. அவள் மீது “விசாவுக்காகத்தானே” என்ற பழியைப் போடும் சொந்தக்காரர்கள், அந்த ‘முதன்மை நோக்கம்’ காலத்துப் பிரிட்டிஷ் அதிகாரி கேட்ட கேள்வியையே தமிழில் கேட்கிறார்கள்.

கையில் பிடி யாரிடம்?

இவ்வளவு நேரம் அந்தக் கல்யாணத்துக்காக வாதாடினேன். இனி, பெண்ணைப் பெற்றவர்கள் தூக்கம் கெட்டாவது யோசிக்க வேண்டிய ஒன்று.

ஸ்டூடன்ட் விசாவில் இருந்தவரை அவள் தன் காலில் நின்றாள். பல்கலைக்கழகத்துக்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்பவுஸ் விசாவில் மணி நேரக் கட்டுப்பாடில்லாமல் வேலை செய்யலாம், தொழில் தொடங்கலாம். அந்தச் சுதந்திரம் பெரிது. அதே சமயம் அவள் அங்கே இருப்பதற்கான காரணமே ஒரு மனிதன் ஆகிவிடுகிறான். உறவு முறிந்து அது ஹோம் ஆபீஸுக்குத் தெரியவந்தால் விசாவைச் சுருக்கிவிடலாம். வழக்கமாகத் தருவது 60 நாள் அவகாசம். “ஒரு மெயில் போட்டா உன்னை ஊருக்கு அனுப்பிடுவேன்” என்று மிரட்டும் கணவன்மார்களுக்கு இது ஆயுதமாகிறது.

அந்த மிரட்டலுக்குப் பயப்பட வேண்டியதில்லை என்பதை ஒவ்வொரு பெண்ணும் விமானம் ஏறும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டிஷ் குடிமகனின் மனைவியாக விசா பெற்றவள், குடும்ப வன்முறையால் வெளியேறினால், ஐந்து ஆண்டு காத்திருக்காமல் தன் பெயரிலேயே நிரந்தர உரிமை கேட்கலாம். அதற்கு முன்பாக மூன்று மாதம், அரசு உதவித்தொகை பெறும் உரிமையோடு இடைக்கால அனுமதி கேட்கலாம். அடித்தால் மட்டும் வன்முறை என்பதில்லை. சம்பளக் கார்டைப் பிடுங்கி வைப்பதும், வெளியே விடாமல் அடைப்பதும், விசாவைக் காட்டி மிரட்டுவதும் அதில் வரும். 2024-இலிருந்து அந்த மூன்று மாத அனுமதி, மாணவர், பணியாளர் விசாக்காரர்களின் துணைகளுக்கும் கிடைக்கிறது. ஆனால் அவர்களுக்கு அதன்பின் நிரந்தர உரிமைக்கான வழி இல்லை. பெரிய ஓட்டை இது. 1979-இல் தொடங்கிய சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பு, இத்தகைய தெற்காசியப் பெண்களுக்காக நீண்ட காலமாக வழக்காடி வருகிறது. இன்றிருக்கும் பாதுகாப்புகள் பலவற்றின் பின்னால் அவர்களின் உழைப்பு இருக்கிறது.

யோசனை கேட்பதென்றால் யாரிடம் கேட்பது? பிரிட்டனில் குடியேற்ற ஆலோசனை சொல்ல, பதிவு பெற்ற ஆலோசகருக்கும் சொலிசிட்டர் போன்ற சட்டத் தொழிலருக்கும் மட்டுமே உரிமை. பதிவில்லாமல் சொல்வது குற்றம். 2025 ஜனவரியிலிருந்து இமிகிரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டி என்ற பெயரில் இயங்கும் அமைப்பின் இணையப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. மளிகைக் கடையின் மாடியில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு அன்பாகத் தமிழ் பேசினாலும் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். முன்பெல்லாம் விசா கையில் ஒரு கார்டாக இருந்தது. 2024 கடைசியோடு அந்தக் கார்டுகள் போய், எல்லாம் இணையக் கணக்காகிவிட்டது. வேலைக்குச் சேர, வாடகைக்கு வீடு எடுக்க, விமான நிலையத்தில் காட்ட, எல்லாவற்றுக்கும் அந்தக் கணக்கைத் திறக்க வேண்டும். திறக்கும்போது, பதிந்து வைத்திருக்கும் போனுக்கோ மெயிலுக்கோ ஒரு குறியீட்டு எண் வரும். விண்ணப்பத்தைக் கணவரோ மைத்துனரோ நிரப்பினால், ஒரு வசதிக்காகத் தங்கள் மெயிலையும் தங்கள் எண்ணையும் போட்டுவிடுகிறார்கள். பிறகு அவள் தன் விசாவைத் தானே பார்க்க இன்னொருவரிடம் எண் கேட்டு நிற்கிறாள். தாய்மார்கள் போனில் நகை பத்திரமா, சாப்பிட்டாயா என்று விசாரிக்கும்போது இதையும் கேட்கலாம்: “அந்த விசா கணக்குல யாரு நம்பர் இருக்கு கண்ணு?” அவள் எண் இல்லையென்றால் அதை அன்றைக்கே மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். கணக்குக்குள் போய் விவரத்தைத் திருத்த முடியும், அதற்குக் கட்டணம் கிடையாது.